ரப்பரால் போகிற கறை

பிறத்தியார் வண்டிக்குள் கையை விடுகிறவளுக்கு முதல் விதி ஒன்று உண்டு. கையில் என்ன அகப்பட்டாலும் அதை மோந்து பார்க்கக் கூடாது. தரகரம்மா இந்த விதியைக் கல்யாணமான முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டாள். எப்படிக் கற்றுக்கொண்டாள் என்று கேட்டால், இன்றைக்கும் சாப்பாட்டுத் தட்டை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

அவள் புருஷன் பழைய கார்த் தரகர். வாங்குவார், விற்பார். வாங்கியதற்கும் விற்பதற்கும் நடுவில் வண்டி நாலைந்து நாள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகைப் பக்கம் நிற்கும். அந்த நாலைந்து நாளும் அது அவள் பெற்ற பிள்ளை மாதிரி. மூக்கைத் துடைத்து, காதைக் குடைந்து, பார்க்க வருகிறவன் முன்னால் லட்சணமாக நிறுத்துவது அவள் பொறுப்பு.

மனுஷனை அவன் சட்டையைப் பார்த்து எடை போடுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். தரகரம்மா அவனுடைய கார் சீட்டின் இடுக்கைப் பார்த்து எடை போட வேண்டியிருந்தது. வெட்டிப் போட்ட நகம், வாரிப் போட்ட முடி, மிதியடிக்கு அடியில் எப்போதோ கொட்டித் தோலாகக் காய்ந்துபோன பால், கதவுக் கைப்பிடிக் குழியில் மென்று ஒட்டிய சூயிங்கம், அந்தச் சூயிங்கத்தில் இன்னொருத்தர் முடி. ஒரு பேங்க் மேனேஜர் இருந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத ஆள். பேசும்போது எச்சில்கூட அளவாகத்தான் தெறிக்கும். அவர் வண்டியில் டிரைவர் சீட்டுக்குப் பக்கவாட்டில், மூக்கிலிருந்து எடுத்ததையெல்லாம் வரிசை பிசகாமல் ஒட்டி வைத்திருந்தார். பழையது பின்னால், புதியது முன்னால். அதற்கப்புறம் தெருவில் அவர் வணக்கம் சொன்னால், தரகரம்மாவுக்கு அந்த விரல்தான் கண்ணில் படும்.

இதற்கெல்லாம் அவள் ஆயுதம் ஒரு பிளாஸ்டிக் வாளி. உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் அழிக்கிற ரப்பர் நாலு, பற்பசை, பணி ஓய்வு பெற்ற டூத் பிரஷ்கள், சமையல் சோடா, வினிகர், பாத்திரம் தேய்க்கிற சோப்பு, சமையலுக்கு ஆகாமல் போன எண்ணெய், முடி உலர்த்தும் டிரையர். கடையில் இதற்கென்றே வாசனையோடு பாட்டில் விற்கிறார்கள். தரகர் வாங்கித் தர மாட்டார். “அதுல என்ன இருக்கு? சோப்புத் தண்ணி, கொஞ்சம் கலரு, மீதி பொய்யி. பொய்யை நான் சும்மாவே தர்றேன், சோப்புத் தண்ணி நீ போட்டுக்கோ” என்பார்.

வாளியில் இருப்பதை வைத்து எந்த அழுக்கையும் எடுத்துவிடலாம். தொல்லை பிடித்தது கதவின் அடிப் பக்கத்துச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்தான். ஏறும்போது இறங்கும்போது பூட்ஸ் உரசினால் கறுப்பாகக் கோடு விழும். அந்தக் கோட்டில் இரண்டு ஜாதி. புதுக் கறை பிளாஸ்டிக் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், கூப்பிட்டால் எழுந்து வந்துவிடும். காய்ந்த ரப்பரால் மூன்று தேய்ப்பு, கறுப்பு நூல் நூலாக உதிர்ந்து போய்விடும். பழைய கறை அப்படியல்ல. வெயில் குடித்து உள்ளே குடியேறி இருக்கும். டிரையரால் சூடு காட்டி, எண்ணெய் தடவி ஊற வைத்து, சோப்புப் போட்டு, சோடாவைக் குழைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்து, பற்பசை வைத்து முடித்தாலும் ஒரு நிழல் நின்றுகொண்டு முறைக்கும். அவசரப்பட்டு ஒரு தடவை நகப்பாலிஷ் நீக்குகிற தண்ணீரைத் தொட்டு வைத்தாள். கறை போகவில்லை. பிளாஸ்டிக் இளகி, அழுது வீங்கின முகம் மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் அவள் கைக்குப் பழைய கறை அபூர்வமாகத்தான் வந்தது. வண்டி வந்த அன்றைக்கே ரப்பரை எடுப்பாள்; மூன்று தேய்ப்பு; கதவு பளிச். தரகர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “உனக்குக் கைராசிடி. இந்தக் கை தொட்டா எருமைகூட வெளுத்துடும்” என்பார். பதினோரு வருஷமாகச் சொல்கிறார். ஊரார் அசிங்கத்தையெல்லாம் தொடுகிற கைக்கு அந்த ஒரு வார்த்தைதான் ஆறுதல். பக்கத்து வீட்டுக்காரி புதுச்செடி நட வேண்டுமென்றால்கூடத் தரகரம்மாவைக் கூப்பிட்டு ஒரு கை மண் போடச் சொல்வாள். அவளும் தட்டாமல் போய்ப் போடுவாள்.

தரகருக்குத் தொழிலில் ஒரு பட்டப்பேர் உண்டு. உச்சுக்கொட்டி. யார் வண்டியைப் பார்க்கப் போனாலும் சுற்றி வருவார், கதவைத் திறப்பார், குனிவார். அப்புறம் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து “உச்” என்று ஒரு சத்தம். செத்த வீட்டில் கேட்கிற சத்தம். அதைக் கேட்டதும் வண்டிக்காரனுக்குப் பாதி உயிர் போய்விடும். “என்னங்க?” என்பான். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. கதவுல கறை. நீங்க கவனிக்கல போல. பரவால்ல, பரவால்ல. ஆனா வாங்கறவன் கவனிப்பானே” என்பார் தரகர். அந்த இரண்டு ‘பரவால்ல’வில் மீதி உயிரும் போய்விடும். அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் விலை.

அந்த வாரம் ஒரு வாத்தியாரம்மாவின் வண்டி வந்தது. சீட்டுக்குப் பழைய பெட்ஷீட் விரித்து ஓட்டினவள். மேல் பார்வைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சீட்டுக்கு அடியில் தரகரம்மா இன்னும் கை விடவில்லை. அடியிலும் சுத்தமான வண்டியை அவள் தொழிலில் பார்த்ததே கிடையாது. டிரைவர் கதவின் கீழே மட்டும் ஒரு கறுப்புக் கோடு. ரம்பம் மாதிரிப் பல் பல்லாக விழுந்திருந்தது. மூன்றாவது பல் இருக்க வேண்டிய இடம் காலி.

ரப்பரை எடுத்துக்கொண்டு குந்தியவளுக்குப் பின்வாசல் படி கண்ணில் பட்டது. படியில் தரகரின் பூட்ஸ் கவிழ்ந்து கிடந்தது. தடித்த கறுப்பு ரப்பர் அடி போட்ட பூட்ஸ். வண்டி பார்க்கப் போகும்போது மட்டும் போடுவார். காலையில் எதையோ மிதித்துவிட்டு வந்து, அலம்பிக் காய வைத்திருந்தார். குதிகால் ஓரத்தில் ரம்பப் பல். மூன்றாவது பல் பெயர்ந்து போயிருந்தது.

தரகரம்மா கதவைப் பார்த்தாள். பூட்ஸைப் பார்த்தாள். மறுபடி கதவைப் பார்த்தாள்.

டாக்டர் வண்டி, பேங்க் மேனேஜர் வண்டி, வெளியூர் போவதற்காக அவசரமாக விற்ற அந்தப் புதுத் தம்பதி வண்டி. எல்லாவற்றிலும் டிரைவர் கதவு, எல்லாவற்றிலும் அதே உயரம். பல் விழுந்த இந்தச் சிரிப்பை எத்தனை தடவை அழித்திருப்பாள்! கோபம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது குமட்டல். நகத்தையும் சளியையும் தொட்டபோது தொண்டையோடு நின்ற குமட்டல், இப்போது வாய்வரைக்கும் வந்தது. பதினோரு வருஷமாக அவள் தேய்த்தது கட்டினவனின் காலை. கைராசியாம், கைராசி! சற்று முன்னால் வைத்த கறை மூன்று தேய்ப்பில் போகாமல் என்ன செய்யும்?

ரப்பரை வாளியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். கோடு அப்படியே இருந்தது.

மத்தியானம் தரகர் சாப்பிட உட்கார்ந்தார்.

“ஏங்க, வாத்தியாரம்மா வண்டியில ஒரு கோடு இருக்கே, அது உங்க பூட்ஸு.”

தரகர் மெல்லுவதை நிறுத்தவில்லை. “எந்தக் கோடு?”

“பல்லு விழுந்த கோடு.”

“அதுவா? ஏறும்போது இறங்கும்போது படறதுதான்.”

“எல்லா வண்டியிலயும் ஒரே இடத்துல படுமா, அளந்து வெச்ச மாதிரி?”

தரகர் அப்போதுதான் நிமிர்ந்தார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். வீட்டுக்குள் அது வீண் செலவு என்று விட்டுவிட்டார். “இப்ப என்ன ஆயிடுச்சு? உடைச்சேனா, கீறினேனா? ரப்பரால போற கறைதானே. நான் வைக்கிறேன், நீ எடுக்கறே. வண்டி வந்த மாதிரியே இருக்கு. யாருக்கு என்ன நஷ்டம்?”

“அந்தம்மாவுக்கு?”

“அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாதே! தெரியாத நஷ்டம் ஒரு நஷ்டமா?”

இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு மனுஷன் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டார். தரகரம்மா அவர் விரல்களையே பார்த்தாள். சோற்றைப் பிசைகிற விரல், வாய்க்குப் போகிற விரல், அப்புறம் நக்குகிற விரல். பார்க்கச் சகிக்கவில்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் கவிழ்த்தாள்.

“கோவிச்சுக்காதே. ஞாயித்துக்கிழமை உங்க அக்கா வீட்டுக்குப் போகணும், தெரியுமில்ல? அவங்க பையன் போன் பண்ணிட்டான்” என்றார் தரகர் பின்னாலிருந்து.

தரகரம்மா கையில் தட்டோடு நின்றுவிட்டாள்.

அக்கா முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தனி வீடு, தனி ஆள், ஒரு கார். காய்கறிக்கும் கண் டாக்டருக்கும் சிநேகிதிகள் வீட்டுக்கும் தானே ஓட்டிக்கொண்டு போவாள். வெளியூரில் இருக்கிற மகன் போன தடவை வந்தபோது, அக்கா காபியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டாள். ஒரே ஒரு தடவை. அது போதும் மகனுக்கு. “அம்மாவுக்குக் கண்ணு போச்சு. வண்டியை வித்துட்டு, வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடு” என்று பிடித்துக்கொண்டான். அவன் வீட்டில் அக்காவுக்கு ஒதுக்கியது வாஷிங் மெஷின் இருக்கிற அறை. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில். ஜன்னல் கிடையாது. இப்போதைக்கு அந்தக் கட்டிலில் துணி மடித்து வைக்கிறார்கள்.

அக்கா லேசில் விடுகிற ஆளில்லை. “டேய், கண்ணு போனவ வண்டி எப்படி இருக்கும்? நாலு பக்கமும் இடிச்சு உரசி இருக்கும். என் வண்டியில உள்ளயோ வெளியயோ ஒரே ஒரு கறை காட்டு. அன்னைக்கே பெட்டியைக் கட்டிட்டு வந்து உன் மெஷின்கூடப் படுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டாள். மகனும் சரியென்று, “சித்தப்பாவை வரச் சொல்றேன். அவர் கண்ணுக்குத் தப்பின கறையே கிடையாது” என்றான்.

அது என்னவோ உண்மைதான்.

“அக்கா வண்டியில காலு பட்டுச்சோ...” என்று ஆரம்பித்தாள் தரகரம்மா.

“சே, சே! சொந்தத்துலயா வைப்பேன்? என்னை அவ்ளோ கேவலமாவா நினைக்கிறே?”

அவள் தட்டைத் தொட்டியில் போட்டாள். “அந்தப் பூட்ஸைப் போடாதீங்க.”

“அது இல்லாம எனக்கு வண்டி பார்க்க வராதும்மா. டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப்பு மாதிரி அது.”

“அப்ப காலைத் தள்ளியே வெச்சுக்கோங்க.”

“தலைமேல தூக்கி வெச்சுக்கறேன், போதுமா?”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனார்கள். அக்கா ஷெட் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். காருக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி துணிச் செருப்பு. வெளிச் செருப்பைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டுதான் ஏறுவாள், ஆபரேஷன் அறைக்குள் போகிற மாதிரி.

“வாங்க தம்பி. நல்லாப் பாருங்க. டார்ச்சு வேணுமா? பூதக்கண்ணாடி இருக்கு, தரட்டுமா?”

“உங்க வண்டிக்கு எதுக்குக்கா அதெல்லாம்?” என்றார் தரகர். சுற்றி வந்தார். நகைக் கடையில் தனியாக விடப்பட்டவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

தரகரம்மா பின் கதவைத் திறந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். பழக்கதோஷம். ஒன்றுமே அகப்படவில்லை. மிதியடியைத் தூக்கினாள், சுத்தம். இடுக்கில் விரலைவிட்டு இழுத்தாள், விரல் போன மாதிரியே வந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக விதியை மீறி விரலை மோந்து பார்த்தாள். சோப்பு வாசனை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. முன்னால் போய் டிரைவர் கதவையும் பார்த்தாள். சாம்பல் பிளாஸ்டிக் கடையில் வாங்கின அன்றைக்கு மாதிரி இருந்தது.

“தொண்டை வறண்டு போச்சு. கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்றார் தரகர்.

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். “நீ இருக்கா, நான் கொண்டு வரேன்” என்று தரகரம்மா போனாள். போகும்போது புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சமையலறையில் டம்ளரைக் கழுவித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் வந்தது.

“உச்.”

டம்ளரில் பாதி தரையில் போனது. மீதியோடு ஓடினாள். டிரைவர் கதவு திறந்திருந்தது. அக்கா குனிந்து கட்டை விரலால் எதையோ தடவிக்கொண்டிருந்தாள். சாம்பல் பிளாஸ்டிக்கில் கறுப்பாக, பல் பல்லாக. மூன்றாவது பல் இல்லை.

“இது... நேத்து இல்லியே” என்றாள் அக்கா.

“இருந்திருக்கும்கா. வயசாச்சுன்னா கீழ இருக்கறது கண்ணுல படாது. பரவால்ல, பரவால்ல.”

அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். கோடு அங்கேயே இருந்தது. “தினம் காலையில துடைக்கிறேனே தம்பி. இன்னைக்கும் துடைச்சேனே. அப்ப நான் எதைத்தான் துடைச்சேன்?”

தரகர் ஷெட் கூரையைப் பார்த்தார்.

அக்காவின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தது. முப்பது வருஷம் எத்தனையோ பேரை நிமிர்த்தி உட்கார வைத்த முதுகு அது. “அவன் சொன்னது சரிதான் போல. எனக்குத்தான் தெரியல. போனைப் போடுங்க தம்பி, வரேன்னு சொல்லிடறேன்.”

எண்ணை அழுத்துவதில் தரகருக்கு என்ன வேகம்! ஸ்பீக்கரில் மகன் குரல் வந்தது. “என்ன சித்தப்பா, என்னாச்சு? கறை இருந்துச்சா?”

தரகரம்மாவுக்கு வாயைத் திறந்தால் வார்த்தை வராது, வேறு ஏதாவதுதான் வரும் என்று தோன்றியது. அதனால் கைப்பையைத் திறந்தாள். மற்ற பெண்கள் பையில் சீப்பு இருக்கும். அவள் பையில் அழிரப்பர்.

“கொஞ்சம் தள்ளுக்கா.” மண்டியிட்டாள். ஒரு தேய்ப்பு, இரண்டு, மூன்று. கறுப்பு நூல் நூலாக உதிர்ந்தது. பிளாஸ்டிக் பழையபடி ஆனது.

அக்கா சோகத்திலும் சிரித்தாள். “உன் கை கைராசிதான்டி. இவர் எப்பவும் சொல்வாரே.”

“கைராசியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. வா இங்க.”

அக்காவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தரகரும் போனும் கையுமாகப் பின்னாலேயே வந்தார். அங்கே தரகரின் சொந்தக் கார் நின்றது. அதன் கதவைத் திறந்தாள். கீழே பிளாஸ்டிக் முழுக்கக் கறுப்புக் கோடு. தரகர் வருஷக் கணக்கில் உதைத்து உதைத்து ஏறினது. தரகரம்மா அதே ரப்பரால் தேய்த்தாள். பத்துத் தேய்ப்பு, இருபது தேய்ப்பு. ரப்பர்தான் பாதியானது. கோடு அசையவில்லை.

“பாத்தியா? இது பழைய கறை. வெயிலு குடிச்சது. டிரையரு, எண்ணெய், சோடா, பேஸ்ட்டுன்னு அரை நாள் மெனக்கெட்டாலும் நிழலு நிக்கும். உன் வண்டியில இருந்தது மூணு தேய்ப்புல போயிடுச்சு. இப்ப நீயே சொல்லு. அது எப்ப வந்திருக்கும்?”

அக்கா குனிந்து அந்தக் கோட்டைக் கட்டை விரலால் தடவினாள். முப்பது வருஷ நர்ஸுக்குப் புதுக் காயம் எது, பழைய தழும்பு எது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவள் முதுகு வளைந்த வேகத்திலேயே நிமிர்ந்தது.

“எவ்ளோ நேரம் ஆகியிருக்கும்?” என்று கேட்டாள்.

“நான் தண்ணி மொண்டுட்டு வர்ற நேரம்.”

அக்காவின் பார்வை கீழே இறங்கி, தரகரின் காலில் போய் நின்றது. தரகர் ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்தார். அப்புறம் அந்தக் காலை ஒளிக்க இடமில்லாமல் தவித்தார்.

“கழட்டுங்க தம்பி.”

“எதைக்கா?”

“சட்டையையா சொல்றேன்? பூட்ஸை.”

ஊசிக்குப் பயந்து ஓடினவர்களையெல்லாம் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்த குரல் அது. தரகர் கழற்றினார். போனுக்குள்ளிருந்து மகன் கத்தினான். “அம்மா! அங்க என்ன நடக்குது?”

“லைன்லயே இருடா. கண் டெஸ்ட் நடக்குது.”

அக்கா ஒரு பூட்ஸை, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி, இரண்டு விரலால் தூக்கினாள். உள்ளேயிருந்து வந்த நாற்றத்துக்குத் தரகரம்மாவே ஓர் அடி பின்னால் போனாள். அக்கா அசையவில்லை. அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டி, உரக்கப் படித்தாள்.

“அளவு ஒன்பது. அதுக்குக் கீழ சின்ன எழுத்து. ‘எண்ணெய்ப் பசை உள்ள தரையில் கவனமாக நடக்கவும்.’ அதுக்கும் கீழ பொடி எழுத்து. ‘தடம் பதியாத ரப்பர்.’ இது பொய்யி. ரம்பம் மாதிரிப் பல்லு. மூணாவது பல்லு இல்ல. நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல எவனோ துப்பின சூயிங்கம். அதுல ஒரு முடி. நரை முடி. டேய், கேட்டுச்சா?”

அக்கா போன் பக்கம் குனிந்தாள்.

“இவ்ளோவும் உங்கம்மா படிச்சதுதான். உங்க சித்தப்பா கால்ல இருந்து படிச்சேன். என் வண்டியில ஒரு கறையும் கிடையாது, அவர் கொண்டு வந்ததைத் தவிர. நான் வரல. கட்டில்ல துணியை மடிச்சு வெச்சுக்கோங்க.”

தரகர் வெறும் சாக்ஸோடு நின்றார். சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. “கால் தானாப் போயிடுச்சுக்கா. சத்தியமா! பழக்கம். நான் நினைக்கவே இல்ல.”

“கால் தானாப் போச்சு, சரி” என்றாள் தரகரம்மா. “உச்சுன்னு சத்தம் வந்துச்சே, அதுவும் காலா? பரவால்ல, பரவால்லன்னது? கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு எங்கக்கா நின்னப்ப மேல கூரையைப் பார்த்தீங்களே, அதுவும் காலா?”

தரகருக்கு விலை பேசத் தெரியும். இங்கே பெருவிரலைத்தான் சாக்ஸுக்குள் இழுத்துக்கொள்ள முடிந்தது.

அக்கா உள்ளே போய் இரண்டு பாலிதீன் பை கொண்டு வந்தாள். பூட்ஸை ஒன்றுக்குள் போட்டு, அதை இன்னொன்றுக்குள் போட்டு, முடிச்சுப் போட்டாள். ஆஸ்பத்திரிப் பழக்கம், மேலே மார்க்கரால் தேதியும் நேரமும் எழுதினாள். “இந்தாங்க. இனிமே இந்த வீட்டுக்கு வர்றதா இருந்தா வெறுங்காலோட வாங்க.” அப்புறம் தங்கையைப் பார்த்து, “நீ உள்ள வா. கையைக் கழுவிக்கோ. நல்லா, முழங்கை வரைக்கும்” என்றாள்.

வீடு திரும்பும் வழியில் தரகரம்மா பின் சீட்டில் உட்கார்ந்தாள். முன் சீட்டில், அவளுக்குரிய இடத்தில், பை உட்கார்ந்திருந்தது.

வீட்டில் வாத்தியாரம்மா வண்டி காத்திருந்தது. நாலு நாளாக மேற்கு வெயிலில், டிரைவர் பக்கம் வெந்துகொண்டு.

“நாளைக்குப் பார்க்க ஆள் வருது. அந்தக் கோட்டை மட்டும்...” என்றார் தரகர், கெஞ்சலாக.

அவள் வாளியைக் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். “உங்க காலு. உங்க கை.”

“நானா?”

“ரப்பரால போற கறைதானே. முடிச்சிட்டு அந்த வாத்தியாரம்மா வீட்டுக்குப் போகணும்.”

“அங்க எதுக்கு?”

“பரவால்லன்னு சொல்லிட்டு வந்தீங்களே, குறைச்ச காசைக் குடுத்து அதைத் திருப்பி வாங்கிக்க.”

தரகர் குந்தி உட்கார்ந்தார். மூன்று தேய்த்தார். பார்த்தார். இன்னும் மூன்று. கோடு பல் விழுந்த சிரிப்போடு அப்படியே இருந்தது. முப்பது தேய்த்தபோது மூச்சு வாங்கியது. “டிரையரை எங்க செருகறது?” என்றார். “எண்ணெயா முதல்ல, சோப்பா?” என்றார். பற்பசையைப் பிதுக்கியதில் பாதி முழங்காலில் விழுந்தது. எண்ணெய்க் கையால் அதைத் துடைக்கப்போய் பேண்ட்டெல்லாம் பிசுபிசுத்தது. அவர் வாயிலிருந்து “உச்” என்று வந்தது. யாரும் விலை பேசாத, நிஜமான உச்.

தரகரம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்து, மூன்றாவது தடவை கழுவின கையை உலர்த்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழுக்கின ரப்பர் தரகரின் கையிலிருந்து நழுவி வண்டிக்குள் உருண்டு, சீட்டுக்கு அடியில் போனது. அவள் இன்னும் கை விடாத இடம். அவர் குனிந்து கையை உள்ளே விட்டார். துழாவினார். சட்டென்று நின்றார்.

“ஏய்... இங்க என்னமோ இருக்கு. வழவழன்னு. கொஞ்சம் முடி மாதிரியும்...” கையை வெளியே இழுத்து விரலை உற்றுப் பார்த்தார். பழுப்பா பச்சையா என்று தெரியவில்லை. “என்னது இது?”

கேட்டுக்கொண்டே விரலை மெல்ல மூக்குக்குக் கொண்டு போனார்.

தரகரம்மாவுக்கு முதல் விதி நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல நேரமும் இருந்தது. அவள் உதட்டை இறுக்க மூடிக்கொண்டாள்.